நெசவாளர்களுக்காக எழுதிய ஹைனே

1844 ஜூன் மாதம். பிரஷ்யாவின் சைலீசியாவில், அடிமாட்டுக் கூலியில் அரைவயிற்றோடு கிடந்த நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ராணுவம் சுட்டது, 11 பேர் மாண்டார்கள். அடுத்த மாதமே, பாரிஸில் அச்சான ஒரு ஜெர்மன் பத்திரிகையில் அவர்களுக்காக ஒரு கவிதை வந்தது. எழுதியவர் ஹைன்ரிஷ் ஹைனே. பிரஷ்ய அரசு அதைத் தடைசெய்தது.

ஹைனே 1797-ல் டியூசல்டார்ஃப் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஷூபர்ட்டும் ஷூமனும் இசையமைத்த காதல் கவிதைகள் இவருடையவைதான். தணிக்கையின் நெருக்கடியில் 1831-ல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். 1835-ல் ஜெர்மன் கூட்டமைப்பு அவருடைய எழுத்துகளுக்கே தடை போட்டது.

1848 முதல் எட்டு ஆண்டுகள் நோயால் படுத்த படுக்கை. செயலிழந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்துத்தான் படித்தார். பெரிய தாள்களில் பென்சிலால் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் 1851-ல் வந்த ‘ரொமான்சேரோ’ தொகுப்பு. என்ன ஒரு மன உறுதி!

1856-ல் பாரிஸிலேயே மறைந்தார். 1933-ல் நாஜிகள் அவர் நூல்களைத் தீயிலிட்டார்கள். அதற்குப் பிறகும் பகை ஓயவில்லை. பிறந்த ஊரின் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது, 1988-ல்தான் முடிவானது. அதிகாரத்துக்கு அஞ்சாத கவிஞனுக்கு அந்த மரியாதை மிகத் தாமதமாகவே கிடைத்தது.