நாம் வெட்டிய மைதானம், நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

(ஒரு கிராமப் பள்ளி மைதானத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தில் போன வருஷம் கால் வைக்க முடியுமா? சீமைக் கருவேல முள் மண்டிக் கிடந்தது. பாம்புக்குப் பயந்து பிள்ளைகள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள். இடைவேளை மணி அடித்தால் லாரி ஓடுகிற ரோட்டில்தான் போய் நிற்பார்கள்.

இதைத் திருத்தியது யார்? நாம்தான். இரவு ஷிப்டு முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்த ஆலைத் தொழிலாளி கடப்பாரை பிடித்தார். ஆறு நாள் களை பறித்த நம் தாய்மார்கள் ஏழாம் நாள் மண் சுமந்தார்கள். 11 ஞாயிற்றுக்கிழமை இப்படி உழைத்தோம். காசு கொடுத்தவர் யாருமில்லை. கூலி கேட்டவரும் யாருமில்லை.

அப்போது நமக்குள்ளேயே இரண்டு கேள்விகள் எழுந்தன. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். இன்று அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி தாய்மார்கள் கேட்டது. "எங்கள் காலந்தான் மண்ணோடு போயிற்று. பிள்ளையைப் படிக்க அனுப்பினால் அதையும் மண்ணில் உட்கார வைக்கிறீர்களே?" என்றார்கள்.

மண்ணில் உட்கார்ந்து பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று பாருங்கள். மைதானத்துக்கு மூலை மட்டம் பார்க்க நம் கொத்தனார் நூல் பிடித்தார். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்தார். குறுக்கே 5 அடி வந்ததும் மூலை சரி என்றார். உபாத்தியாயர் பிள்ளைகளை அழைத்து அதையே பாடமாக்கினார். மும்மூன்று ஒன்பது, நாநான்கு பதினாறு, கூட்டினால் இருபத்தைந்து, ஐயைந்தும் இருபத்தைந்து! புத்தகத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று பயமுறுத்திய கணக்கு, கொத்தனார் தினமும் கையில் வைத்திருக்கிற கணக்குதான் என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள்.

பிறகு ஒரு சென்ட் நிலத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். 435.6 சதுர அடி. சதுரமாகப் போட்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 21 அடி. இப்படி 100 சென்ட் சேர்ந்தது ஒரு ஏக்கர். பிள்ளைகள் அதை நடந்து பார்த்தார்கள், கயிறு போட்டு அளந்தார்கள்.

அதில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், அம்மா நடவுக்குப் போகிற வயலுக்கு அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள். பல வருஷமாக "ஒரு ஏக்கர்" என்று பேசி ஒப்பந்தக் கூலி கொடுக்கிற வயல் அது. நீளம் 240 அடி, அகலம் 218 அடி. பெருக்கினாள்: 52,320 சதுர அடி. வகுத்தாள்: 120 சென்ட்!

தோழர்களே, இதன் பொருள் என்ன? ஆறு நாற்று நட்டால் ஒரு நாற்றுக்குக் கூலி இல்லை என்று பொருள். எத்தனை வருஷம் நம் தாய்மார்கள் இடுப்பொடியக் குனிந்து அந்த இருபது சென்டைச் சும்மா நட்டுக் கொடுத்தார்கள்! அடுத்த போகத்தில் பெண்கள் கூட்டமாகப் போய், கயிற்றைப் போட்டுக் காட்டிப் பேசினார்கள். 120 சென்டுக்கும் கூலி வந்தது. மண்ணில் உட்கார்ந்து படித்த படிப்பு வீணா, தாய்மார்களே?

வெட்டவெளியில் பாடம் என்பது நாம் மட்டும் கண்டதல்ல. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்று ஒரு கம்பளி ஆலை நகரம். அங்கே தொழிலாளர் பிள்ளைகள் அரை நாள் ஆலையில் உழைத்துவிட்டு, அரை நாள் பள்ளியில் தூங்கி விழுந்த காலம் ஒன்று இருந்தது. 1894-ல் அந்த ஊர்ப் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்கரெட் மெக்மில்லன் என்ற சோஷலிஸ்டுப் பெண்மணி இந்தப் பிள்ளைகளுக்காகப் பாடுபட்டார். பிறகு 1914-ல், தம் சகோதரி ரேச்சலோடு லண்டனில் டெப்ட்ஃபோர்டு என்ற ஏழைகள் பகுதியில் குழந்தைகளுக்குத் திறந்தவெளிப் பள்ளி நடத்தினார். தோட்டமே அங்கு வகுப்பறை. காற்றும் வெளிச்சமும் பணக்காரப் பிள்ளைக்கு மட்டும் சொந்தமில்லை என்று அவர் காட்டினார். அரை நாள் ஆலை வேலையை ஒழிக்க 1918-ல் சட்டம் வந்தது.

இரண்டாவது கேள்வி ஆலைத் தோழர் ஒருவர் கேட்டது. "இது சர்க்கார் செய்ய வேண்டிய வேலை. நாம் இலவசமாகச் செய்தால், இனி எல்லாவற்றையும் நம் தலையில் கட்டிவிட மாட்டார்களா?" என்றார்.

கேட்டது சரி. கொடுப்பது நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் இந்த மாநிலத்து ஜனங்கள் தங்களால் முடிந்ததைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் நாம் கொடுப்பது வேறு, நமக்கு வர வேண்டிய உரிமை வேறு. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. குடிதண்ணீர் வேண்டும், சுற்றுச்சுவரோ வேலியோ வேண்டும் என்றும் சொல்கிறது. அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த நாற்காலி நமக்குரியது. வெட்கப்பட்டு வாசலில் நிற்கலாமா?

நம் பிள்ளைகள் காத்திருந்தால் வயது காத்திருக்காது. அதனால் மண்ணை வெட்டினோம். சர்க்காரின் கடனைத் தள்ளுபடி செய்ய வெட்டவில்லை. வேலி இன்னும் வரவில்லை. குடிதண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் நாம் எல்லோரும் உட்கார்ந்து, இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம். வேலையை விட்டு வர முடியாதவர் வீட்டிலிருந்து ஒருவரையாவது அனுப்புங்கள்.

மண்ணை அளந்த பிள்ளைகள் நாளை எதையும் அளந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நாம் தலை குனிந்து நிற்கக் கூடாது. வாருங்கள் தோழர்களே!