படுக்கப் போக முதல் பத்து நிமிடம்

நான் ஊரில் ரீச்சராக இருந்தவள். வகுப்பு எடுக்கிற மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கடிதம் வாசித்துச் சொல்ல உங்கள் வீடுகளுக்கு வரும்போது நான் முதலில் சீலிங்கைத்தான் பார்ப்பேன். ஸ்மோக் அலாரத்தில் ஷொப்பிங் பை கட்டியிருக்கும், அல்லது பற்றரி இருக்காது. காரணம் தெரியும். அறைக்கு ஒருவராக ஆறு பேர் இருக்கிற வீடு. வேலை முடிந்து வருகிறவர் நடுச்சாமத்தில் மிளகாய் தாளித்தால் எல்லோருடைய நித்திரையும் குழம்பும். ஆனால் நித்திரையில் இருப்பவரைப் புகை மணம் எழுப்பும் என்று நம்ப வேண்டாம். புகை மயக்கத்தைத்தான் கூட்டும். எழுப்புவது அந்தச் சத்தம்தான். சமைக்கேக்கை குசினிக் கதவைச் சாத்தி யன்னலைத் திறவுங்கோ. அலாரத்தில் கை வைக்காதேங்கோ. கிழமைக்கு ஒருதரம் பொத்தானை அமத்திப் பாருங்கோ.

வேலை செய்யாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேளுங்கோ. இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளில் மாடிக்கு ஒரு அலாரமாவது இருக்கவேண்டும் என்பது 2015 முதல் சட்டம். பழுதென்று அறிவித்தால் திருத்தவேண்டும் என்பது 2022 இல் சேர்ந்தது. கேட்டால் அறையை விட்டு எழுப்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தால் எங்களிடம் வாருங்கோ, கடிதம் எழுதித் தருகிறோம். தீயணைப்புப் படையினரையும் இலவசமாக வீடு பார்க்கக் கேட்கலாம். அவர்கள் வருவது அலாரம் பார்க்க, விசா பார்க்க அல்ல.

படுக்கிற நேரம் குக்கரைப் பாருங்கோ. ஹீற்றரில் உடுப்புக் காயப்போட வேண்டாம். சுவாமிப் படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கைப் பூவால் நூர்த்துவிட்டுப் படுங்கோ, சாமி கோவிக்காது. டெலிவரி வேலை செய்யும் தம்பிமார் சைக்கிள் பற்றரியை வாசல் நடையில் விடிய விடிய சார்ஜ் போடுவதுதான் எனக்குப் பெரிய பயம். வெளியே ஓடுகிற வழியே அதுதானே! முழித்திருக்கும்போது வேறு இடத்தில் போடுங்கோ. அறைக் கதவுகளைச் சாத்திப் படுத்தால் புகை வரச் சுணங்கும்.

ஒரு வீட்டில் முன்கதவுத் திறப்பு ஒருவரிடம் மட்டும். அவர் வெளியில் பூட்டிக்கொண்டு இரவு வேலைக்குப் போவார். உள்ளே கைக்குழந்தையோடு ஒரு தாய். அன்றைக்கே இன்னொரு திறப்பு வெட்டுவித்தோம். உங்கள் வீட்டுத் திறப்பு இரவில் எங்கே இருக்கும் என்று பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும்.

தீப்பிடித்தால் பாஸ்போர்ட், ஹோம் ஆபீஸ் கடிதம் தேடி நிற்காதேங்கோ. அவற்றைத் திரும்ப எடுக்க நாங்கள் உதவுவோம். வெளியே போய் 999 அடித்து “ஃபயர்” என்று சொல்லி போஸ்ட்கோடைச் சொல்லுங்கோ. ஆங்கிலம் தடக்கினால் “டமில்” என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. புது வீட்டுக்கு வந்தவர்களுக்குப் போஸ்ட்கோட் பாடமிராது. இன்றைக்கே ஒரு துண்டில் எழுதி வாசல் கதவில் ஒட்டுங்கோ.