எழுதுமுன் கேளுங்கள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



உள்ளகப் பயிற்சியின் முதல் மாதம். முழங்கால் நோவுடன் வந்த மூதாட்டிக்கு, பரசிற்றமோல் 500 மில்லிகிராம், இரண்டு குளிசை, நாளுக்கு நான்கு தரம் என்று எழுதினேன். எல்லோருக்கும் தெரிந்த மருந்துதானே, யோசிக்கவே இல்லை.

விடுதித் தாதி மெல்லக் கேட்டார்: “டொக்டர், அம்மாவின் நிறை பார்த்தீங்களா?”

38 கிலோ. நான் எழுதியதோ நாளுக்கு 4 கிராம். நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்தவருக்கே அது உச்ச அளவு. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், அவருக்கு ஒரு தரத்துக்கு ஒரு குளிசையே போதும். அத்துடன் அவரது பையில் கடையில் வாங்கிய பனடோலும் இருந்தது.

“அது தலையிடிக்கு, பிள்ளை. இது முழங்காலுக்கு.”

பெயர் இரண்டு, மருந்து ஒன்று. ஈரல் இரண்டையும் சேர்த்தே எண்ணும். மருந்தை வர்த்தகப் பெயரால் எழுதாமல் அதன் சொந்தப் பெயரால் எழுதவேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே வற்புறுத்தியது ஏன் என்பது அன்றுதான் விளங்கியது.

எங்கள் இரசாயனவியல் ஆசிரியையும் நினைவுக்கு வந்தார். அலகு எழுதாத விடையைக் கண்டால், “ஐந்நூறு என்ன, மாம்பழமா?” என்று கேட்டுப் புள்ளியைக் குறைப்பார். அப்போது கோபம் வந்தது. இப்போது மில்லிகிராமா, மில்லிலீற்றரா என்று எழுதாமல் நான் பேனையை மூடுவதில்லை.

வைத்தியராகப் போகும் தங்கைமாரே, எழுதுமுன் மூன்றைக் கேளுங்கள். நிறை என்ன? வேறென்ன மருந்து பாவிக்கிறார்? முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா? தாதி திருத்தினால் வெட்கப்படாதீர்கள், நன்றி சொல்லுங்கள்.

நான் அன்று சொல்லவில்லை. இன்று இந்த மேடையில் சொல்கிறேன்.