இளைப்பு இல்லாத நாளிலும் இன்ஹேலர் ஏன்?

வைரஸ் வந்து தொட்டதும் மூச்சுக்குழாயின் உள்சுவர் செல்கள் சும்மா இருப்பதில்லை. அவற்றுக்குள் என்எஃப்-கப்பா பி என்றொரு புரதம் தயாராக இருக்கிறது. 1986-இல் விஞ்ஞானிகள் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்தது. சாதாரண நேரத்தில் இன்னொரு புரதம் அதற்குக் கடிவாளம் போட்டு வைத்திருக்கும். ஆபத்துச் சமிக்ஞை கிடைத்தால் அந்தக் கடிவாளப் புரதம் சிதைக்கப்படும். விடுபட்ட என்எஃப்-கப்பா பி நேரே உட்கருவுக்குள் புகுந்து அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். வெள்ளையணுக்களை அழைக்கும் இன்டர்லூக்கின்-8 சுரக்கும், சுவர் வீங்கும். வேடிக்கை என்னவென்றால், என்எஃப்-கப்பா பி முடுக்கும் மரபணுக்களில் கடிவாளப் புரதத்துக்கு உரியதும் ஒன்று! ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரில் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தும் இந்த அழற்சி மரபணுக்களைத்தான் அடக்குகிறது. இளைப்பு வந்ததும் மூச்சைத் திறந்துவிடும் மருந்து வேறு. ஸ்டீராய்டு மெல்லத்தான் வேலை செய்யும். அதனால்தான் நன்றாக இருக்கும் நாளிலும் அதை விடாமல் எடுக்கச் சொல்கிறார் டாக்டர்.