தலையில் மாட்டும் வைத்தியம்



தலையில் மாட்டும் கருவி காட்டும் மெய்நிகர் உண்மையை விளையாட்டுச் சாமானாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். வெந்த புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றும் வேளையில் மார்ஃபினும் போதாமல் போகும். சியாட்டில் நகரின் ஹார்பர்வியூ தீக்காய மையத்தில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990களில் கையிலெடுத்தது அந்த வேளையைத்தான். அந்த முயற்சியில் உருவான ‘ஸ்னோ வேர்ல்ட்’டில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பறந்தபடி பனிமனிதர்கள்மீது பனியுருண்டை எறிவார். வலியை உணரவும் கவனம் வேண்டும் அல்லவா? அதைப் பனிமனிதர்கள் பறித்துக்கொள்கிறார்கள். புண் அப்படியே இருக்க, வேதனை குறைகிறது.

அச்ச நோய்க்கு இந்த உத்தி ஆகாது. அங்கே கவனத்தைத் திருப்பினால் காரியம் கெட்டுவிடும். அஞ்சுவதையே பார்க்கவைக்க வேண்டும். பார்பரா ரோத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழுவினர் உயரத்துக்கு அஞ்சிய கல்லூரி மாணவர்களைக் கணினி வரைந்த நடைபாலங்களிலும் கண்ணாடி லிஃப்டிலும் படிப்படியாக ஏற்றி, முடிவை 1995இல் வெளியிட்டார்கள். அந்தப் படங்கள் இன்றைய செல்போன் விளையாட்டுக்குக்கூட ஈடாகா. ஆனாலும் அச்சம் குறைந்தது. யாரும் சொல்லாமலே பலர் நிஜமான உயரங்களில் ஏறிப் பார்த்தார்கள். அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

ஆக, குணம் தருவது படத்தின் பளபளப்பு என்று நான் நம்பவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்கள் இல்லாத கையில் உணரும் மாயக்கை வலிக்கு 1990களில் பயன்படுத்தியது ஒரு சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடி. இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கை அசைவதுபோல் காட்டியது. சிலருக்கு வலி தணிந்தது. இன்று அதே உத்தியைக் கணினித் திரையில் செய்கிறார்கள். கண்ணாடியைவிட அது எவ்வளவு மேல் என்பது கேட்கவேண்டிய கேள்வி.

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் குழுவினர், கடும் மனநோயோடு வெளியே போகவும் அஞ்சிய 346 பேரிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. பேருந்தும் காபிக்கடையும் மெய்நிகராக வந்தன. மிக அதிகமாக அஞ்சி ஒடுங்கியவர்களுக்கே பலனும் அதிகம். ஒப்பீட்டுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற ஒரு குழுவும் இருந்தது. அதனால்தான் அந்த முடிவை நம்பமுடிகிறது.

சந்தையோ காத்திருப்பதில்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு வீட்டிலேயே பயன்படுத்தும் மெய்நிகர் கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. விற்பனையாளர்கள் நம் ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார்கள்.

இந்தத் துறையில் ஆய்வுக் கட்டுரை வாசிக்க இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது: தலைசுற்றல், குமட்டல் என்று பாதியில் கழற்றி வைத்தவர்கள் எத்தனை பேர், எதனோடு ஒப்பிட்டீர்கள், பலன் எத்தனை மாதம் நின்றது என்பதை முதலில் சொல்லுங்கள். கருவியின் பெயரைப் பிறகு சொன்னால் போதும்.