மாட்டுக் கொட்டகைக்கு வந்த முள்ளெலி
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாதக் கூட்டம் என்றால் சேமிப்பு, உள்கடன், வங்கி நிலுவை என்றுதான் பேசுவோம். இன்று கணக்கெல்லாம் முடிந்தது. மீதி நேரத்தில் ஒரு முள்ளெலியைப் பற்றிப் பேசப்போகிறோம். "இதென்ன புதுசா இருக்குதே" என்று சிரிக்கிறீர்கள். கடைசியில் இதிலும் ஒரு கடன் கணக்கு வரும். பொறுத்துக் கேளுங்கள்.

போன மார்கழியில் காங்கயம் பக்கம் ஒரு கிராமத்துக்குக் குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். அதற்கு முன் இரண்டு ராத்திரி நல்ல மழை. விடியக்காலம் பால் கறக்கப் போன நம் உறுப்பினர் ஒருவர், கொட்டகை ஓரம் சோளத்தட்டுக்குள் ஒரு முள் உருண்டையைப் பார்த்திருக்கிறார். தொட்டால் சில்லென்று இருந்தது. செத்துப்போச்சு என்று நினைத்தவர் உற்றுப் பார்த்தால் மூச்சு இருக்கிறது. நாங்கள் போய்ச் சேரும்போது அதைக் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டு மாமியார் எங்களிடம் சொன்னார்: "ஏனுங் கண்ணு, இதைய விட்டுப்போடச் சொல்லாதீங்க. பேரனுக்குப் பத்து நாளா இருமலு. முள்ளைச் சுட்டுத் தேன்ல கொழைச்சுக் குடுத்தா நின்னு போகும்."

அந்தம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அவர் மாமியார் சொன்னது. எங்களில் சிலருக்கே சின்ன வயதில் அந்தச் சாம்பலைக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் யாரையும் குறை சொல்லாமல், முதலில் குழந்தையைப் பார்ப்போம் என்றோம்.

ஏழு மாதக் குழந்தை. விடாமல் இருமி, முகம் சிவந்து, கடைசியில் மூச்சை இழுக்கிறான். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தோம். முதல் ஊசி மட்டும் போட்டிருக்கிறது. அம்மா வீட்டுக்குப் போயிருந்ததில் இரண்டாவதும் மூன்றாவதும் விட்டுப்போச்சு.

சகோதரிகளே, கக்குவான் இருமலுக்குக் காரணம் ஒரு கிருமி. சுட்ட முள்ளுக்கு அந்தக் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. அதற்கு மருந்து டாக்டரிடம் இருக்கிறது. சீக்கிரம் போனால்தான் நன்றாகக் கேட்கும். பெரியவர்களுக்கு வெறும் இருமலாகத் தெரிவது, கைக்குழந்தைக்கு மூச்சே நின்றுபோகும் அளவுக்கு ஆபத்து. இன்னொன்று, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் கிருமி, சின்னக் குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கிக் கை காலைத் தளரச் செய்துவிடும். முள்ளும் தேனும் மருந்து என்று காத்திருக்கும் பத்து நாளில், உண்மையான வைத்தியம் தள்ளிப்போகிறது.

கக்குவானுக்கான தடுப்பு, ஐந்து நோய்களுக்கும் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து இது இலவசமாகப் போடப்படுகிறது. 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு ஊக்க ஊசி, 5 முதல் 6 வயதில் இன்னொன்று. தவணை விட்டுப்போனால் பயப்பட வேண்டாம், திட்டுவார்கள் என்று ஒளியவும் வேண்டாம். புதன்கிழமை அட்டையோடு கிராம சுகாதார செவிலியரிடம் போங்கள். எப்போது போட வேண்டும் என்று அவர் சொல்வார்.

சரி, முள்ளெலிக்கு வருவோம். இது முள்ளம்பன்றிக் குட்டி இல்லை; வேறு உயிர். கைக்குள் அடங்கும். விஷம் கிடையாது, முள்ளை எறியவும் எறியாது. பயந்தால் உருண்டு கொள்ளும், அவ்வளவுதான். தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளில் மட்டுமே வாழும் இனம் இது. நம்ம கொறங்காடும் கிளுவை வேலியும் அதன் வீடு. ராத்திரியில் வண்டு, கறையான், புழு, பூச்சி தின்னும். நம் வெள்ளாமைக்குச் சம்பளம் வாங்காத கூலியாள் என்றே சொல்லலாம். மழையில் வளை நனைந்தாலோ, குளிரில் இரை குறைந்தாலோ வீட்டுப் பக்கம் ஒதுங்கும். உடம்பைச் சில்லென்று வைத்துக்கொண்டு மந்தமாகத் தூங்குவதும் முள்ளெலி இனங்களுக்கு உள்ள வழக்கம். செத்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள்.

வீட்டருகே பார்த்தால் என்ன செய்வது?

1. வேலியிலோ புதரிலோ சுருண்டு கிடந்தால் தொடாதீர்கள். நாயையும் பிள்ளைகளையும் மட்டும் தள்ளி வையுங்கள். குட்டிகள் இருந்தால் எடுக்கவே வேண்டாம். தாய் திரும்பி வரும்.

2. பகலில் வெட்டவெளியில் நனைந்து கிடந்தால், சாக்கு அல்லது தடித்த துணியால் எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி ஒரு ஓரம் வைக்கலாம். அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது.

3. பால் வைக்காதீர்கள். நாங்களும் அன்றைக்கு முதலில் பால்தான் வைத்தோம், அது தப்பு. பால் அதற்குச் செரிக்காது, வயிற்றால் போய்விடும். தட்டையான மூடியில் தண்ணீர் போதும். வேண்டுமானால் கொஞ்சம் வேகவைத்த முட்டை.

4. காயம் இருந்தால் வனத்துறைக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்கள். காயம் இல்லாமல் தெளிந்துவிட்டால், பொழுது சாயும்போது எடுத்த இடத்துப் பக்கமே வேலியோரம் விடுங்கள். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

5. வளர்க்கவோ விற்கவோ கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2025-இல் தமிழ்நாடு அரசு நான்கு அரிய உயிரினங்களைக் காக்க ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த நான்கில் நம்ம முள்ளெலியும் ஒன்று.

இப்போது அந்தக் கடன் கணக்கு. அன்றைக்கே குழுவில் 2,000 ரூபாய் அவசர உள்கடன் எழுதிக் கொடுத்தார்கள். குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஐந்து நாள் வைத்திருந்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா கஷ்டம்" என்று டாக்டர் சொன்னதை அந்த மாமியாரே குழுவில் எழுந்து சொன்னார். கடனும் நான்கு தவணையில் அடைந்துவிட்டது.

முள்ளெலி? நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இருட்டிவிட்டது. பெட்டியை வேலியோரம் சாய்த்து வைத்தோம். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, குடுகுடுவென்று கிளுவைக்குள் போய்விட்டது.

இந்த வாரமே ஒவ்வொரு குழுவிலும் இரண்டு தீர்மானம் எழுதுங்கள். ஒன்று, உறுப்பினர் வீட்டுக் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைக் கூட்டத்தில் பார்ப்பது. இரண்டு, இருமலுக்கென்று நம் ஊரில் இனி முள்ளெலியைப் பிடிப்பதில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த மாதம் தீர்மான நோட்டைக் கொண்டு வாருங்கள்.