உலர்த்திக்குக் கட்டளையிடுபவர் யார்?

மாத்தளை மலைச்சாரலில் மாலை வேளையில் நடப்போர்க்குத் தேயிலையின் மணமே வழி காட்டும். அம்மணம் எழும் தொழிற்சாலையொன்றிற்கு அண்மையில் என் மாணவர்களை அழைத்துச் சென்றேன். அங்கு மின்வினைஞராகப் பணிபுரிபவர் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இயந்திர நூல் தூரத்து உறவே. எனினும், அவர் விளக்கியது இயந்திரத்தைப் பற்றி மட்டுமன்று. அதிகாரத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றியுமாகும்.

கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதித்தபின் உலர்த்தியை அடைகிறது. 100 பாகை செல்சியசுக்கு அண்மைய வெப்பக் காற்றினூடே தட்டுகள் ஊர்ந்து செல்ல, ஏறத்தாழ 20 நிமிடத்தில் ஈரம் 3 விழுக்காடளவிற்கு இறங்கவேண்டும். ஈரம் எஞ்சினால் தேயிலை நாட்படக் கெடும். சூடு மிகுந்தால் கருகும். காலை முதல் அட்டைக்கடியோடு பெண்கள் பறித்த கொழுந்தின் விதி அந்த 20 நிமிடத்திலேதான் முடிவாகிறது.

முன்னர் அங்கே ஒரே கணினிதான் யாவற்றையும் செய்ததாம். வெப்பத்தை அளப்பதும் அது. உலைக்கு ஊதும் விசிறியை ஏவுவதும் அது. கொழுந்தின் நிறையைப் பதிந்து அறிக்கை அச்சிடுவதும் அதுவே. ஒருநாள் மாலை அறிக்கை அச்சாகும்போது கணினி உறைந்து நின்றுவிட்டது. ஆனால் விசிறிக்கு அது இறுதியாக இட்ட கட்டளை, 'ஊது' என்பது, நிற்கவில்லை. கருகல் நாற்றம் எழுந்த பின்னரே டீமேக்கர் ஓடிவந்து கையால் நிறுத்தினார். மென்பொருளில் கணக்குப் பிழை ஏதும் இருக்கவில்லை. எல்லாப் பொறுப்பையும் ஒரே இடத்தில் குவித்த அதன் கட்டமைப்பே பிழை.

இத்தகைய தொழிலுக்கென்றே உருவான கருவி ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், காரின் வடிவம் மாறுந்தோறும் ரிலேப் பலகைகளின் கம்பிகளைக் கழற்றி மாட்டிச் சலித்து, 1968 இல் மாற்றுவழி தேடியது. டிக் மோர்லியும் தோழர்களும் தங்கள் 84 ஆவது வேலைத்திட்டமாக ஆக்கிய மொடிக்கன் 084, 1969 இல் அதற்கு விடையாயிற்று. அவ்வகைக் கருவியை இன்று பி.எல்.சி. என்பர். உணரிகளைப் படித்தல், நிரலின்படி முடிவு செய்தல், கட்டளை அனுப்புதல் என்னும் மூன்றையே அது செக்கனுக்குப் பன்முறை சுற்றிச் சுற்றிச் செய்கிறது. சுற்று ஒன்று உரிய நேரத்தில் முடியாவிடின், அதனுள் இருக்கும் காவற் கடிகாரம் கருவியையே நிறுத்திவிடும்.

அதன் நிரலை ஏணி வடிவப் படமாக எழுதலாம். மின்வினைஞர்க்குப் பழகிய ரிலேச் சுற்றுப்படத்தை அது ஒத்திருக்கும். 1993 இல் வெளிவந்த ஐ.ஈ.சி. 61131-3 என்னும் சர்வதேச நியமமும் அதனை ஐந்து மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. இந்த எளிமையை நான் பெரிதும் மதிக்கிறேன். நள்ளிரவில் இயந்திரம் நின்றால், கொழும்பிலிருந்து பொறியியலாளர் வரும்வரை கொழுந்து காத்திராதன்றோ!

இப்போது அத்தொழிற்சாலையில் உலர்த்தியின் அருகே ஒரு பி.எல்.சி. இருக்கிறது. அறையிலுள்ள கணினி இத்தனை பாகை வேண்டுமென்று கேட்கலாம். எல்லை மீறிக் கேட்டால் பி.எல்.சி. மறுத்துவிடும். இரண்டிற்கும் கீழே, எந்த நிரலையும் சாராத வெப்ப ஆளி ஒன்று விசிறியின் மின்னைத் துண்டிக்கக் காத்திருக்கிறது. அதிபர் வராத நாளிலும் பாடசாலை மணி அடிக்கவேண்டும் என்பதை நாங்கள் அறிவோம். இதுவும் அத்தகைய ஏற்பாடுதான். நொதிப்பின் பதத்தை மட்டும் இன்றும் அங்கே டீமேக்கரின் மூக்கே தீர்மானிக்கிறது. அதற்குரிய நேரத்தை நிரலுக்குள் புதைக்காமல், அவர் கையால் மாற்றக்கூடியதாக வெளியே வைத்திருக்கிறார்கள்.

ஒரு குறையும் கண்டேன். நிரலின் விளக்கக் குறிப்புகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. நம் வினைஞரோ அவற்றை ஒரு கொப்பியில் தமிழில் எழுதி, எண்ணெய்க் கறையோடு பெட்டிக்குள் வைத்திருந்தார்.

கணினி இல்லாமலும் உலர்த்தி ஓடும் என்பதை மாணவர்கள் நம்பவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இணைப்புக் கம்பியைக் கழற்றினார். திரையில் எண்கள் மறைந்தன. தட்டுகள் முன்போலவே ஊர்ந்தன. வாயிலில் தேயிலை உதிர்ந்துகொண்டேயிருந்தது. "சேர், ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்" என்றார். எடுத்துப் பார்த்தேன். சூடாக, மொறுமொறுப்பாக இருந்தது.